வாசகர் கேள்வி–பதில்: சைக்கிள் ஃபிரேமில் நிலைத்து நிற்கும் பெயின்ட் எது?

பழைய சைக்கிளைப் பிரித்துச் சீரமைப்பது பற்றி இப்பகுதியில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பெயின்ட்டைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை வேறெதையும் கலக்காமல், ஃபிரேமுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது குறித்த கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய இரும்புச் சைக்கிளின் ஃபிரேமைப் பிரித்து வைத்திருக்கிறேன். பழைய பெயின்ட் பல இடங்களில் பெயர்ந்துவிட்டது. குழாய்கள் கூடும் மூட்டுகளில் துருவும் சிறு குழிகளும் தெரிகின்றன. ஸ்ப்ரே டப்பா, எனாமல், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் கார் பெயின்ட், பவுடர் கோட்டிங் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டி இது. பல ஆண்டுகள் தாங்க வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட நான்கும் வெவ்வேறு வழியில் இறுகுபவை, எது நிலைக்கும் என்பது பெரும்பாலும் அந்த இறுகும் விதத்தைப் பொறுத்தது. சாதாரண ஸ்ப்ரே டப்பாவிலுள்ள அக்ரிலிக் லாக்கர், தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. போன தின்னர் திரும்பி வந்தால் பூச்சு மறுபடியும் இளகிவிடும். செயினைத் துடைக்கப் பெட்ரோலில் நனைத்த துணி, கை தவறி ஃபிரேமில் ஒரு முறை பட்டாலே போதும், துணியில் நிறம் ஏறிவிடும். சிந்தெடிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுவது. மேலே தோல் கட்டி ஒரே நாளில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், உள்ளே வாரக்கணக்கில் மெத்தென்றிருக்கும். பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல அதே ஆக்சிஜன் வினை நிற்காமல் தொடர்ந்து, பூச்சு வெளுத்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். கம்பிக் கதவுக்கு எனாமல் போதுமானது. கல் தெறிக்கும் இடத்திலும், நட்டுப் போட்டு இறுக்கும் இடத்திலும் அது நிற்பதில்லை.

மற்ற இரண்டும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து இறுகுபவை. ஒருமுறை இறுகிவிட்டால் பெட்ரோலோ தின்னரோ அவற்றை எளிதில் கரைக்காது. ஆகவே உண்மையான போட்டி பவுடர் கோட்டிங்குக்கும், நீங்கள் சொன்ன ஹார்டனர் கலக்கும் கார் பெயின்ட்டுக்கும், அதாவது பெயின்டர்கள் டூ-கே என்று சொல்லும் இருகூறு பாலியூரித்தேன் பெயின்ட்டுக்கும் இடையில்தான்.

பவுடர் கோட்டிங்கில் தின்னர் கிடையாது. மின்னேற்றம் பெற்ற உலர்ந்த தூளை ஃபிரேமின் மேல் தூவி ஒட்டவைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிடம் வேகவைக்கிறார்கள். தூள் உருகிப் பரவி, 60 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை தடிமனான ஒரே தோலாக இறுகுகிறது. பித்தளை வைத்துப் பற்றவைத்த மூட்டுகளுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. அந்தப் பித்தளை உருக 900 டிகிரிக்குப் பக்கமாகச் சூடு வேண்டும். கல்லடியைத் தாங்குவதில், ஒரே அடுக்காக அடித்த எந்தத் திரவப் பெயின்ட்டையும் விடப் பவுடர் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அதன் குறைகளைக் கடைக்காரர் தாமாகச் சொல்வதில்லை. குழாய்கள் குறுகலாகக் கூடும் உள்மூலைகளில் மின்புலம் நுழையாததால் அங்கே தூள் சரியாகப் போய் ஒட்டாது. துருப்பிடிக்கும் இடமும் பெரும்பாலும் அந்த மூலையாகவே இருக்கிறது. ஓரிடத்தில் தோல் உடைந்தால், ஈரம் அதன் அடியில் ஊர்ந்து சென்று, மேலே பளபளப்பு மாறாமல் இருக்கும்போதே உள்ளே துரு பரவும். ஒருநாள் நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குப் பாளமாக உரிந்து வரும். அதன் உட்புறம் முழுக்கச் செம்மண் பூசியதுபோல இருக்கும். வெறும் இரும்பின் மேல் நேரே நிறத்தூளை மட்டும் அடித்து முடிக்கும் வேலையில்தான் இது அதிகம் நிகழ்கிறது. பவுடரைத் தேர்ந்தெடுப்பவர்கள், அடியில் எபாக்சி பிரைமர் பவுடர், மேலே பாலியெஸ்டர் பவுடர் என்று இரண்டு அடுக்காகக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவும் கூடாது. எபாக்சி துருவைத் தடுப்பதில் கெட்டி, ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்துவிடும்.

டூ-கே வேலையில் அடியில் இருகூறு எபாக்சி பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் ஹார்டனர் கலந்த, நிறமற்ற கிளியர் கோட் என்று மூன்று அடுக்கு வரும். நிறத்தின் அடுக்கு 15 முதல் 25 மைக்ரான்தான். அதற்கென்று தனி வலிமை ஏதும் இல்லை. வெயிலையும் உராய்வையும் தாங்குவது கிளியர், துருவைத் தடுப்பது எபாக்சி. மூட்டுகளைச் சுற்றியுள்ள லக்குகளின் (குழாய்களை இணைக்கும் உறைகளின்) வெட்டு விளிம்பு இந்தப் பூச்சில் கூர்மை மாறாமல் தெரியும். பவுடரில் அது மெழுகில் தோய்த்ததுபோல மழுங்கிவிடும். எல்லாவற்றையும் விட, ஒரு சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியும்.

உங்கள் ஃபிரேமில் துருக்குழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் முடிவை அதுவே தீர்மானிக்கிறது. குழிகளுக்குப் பட்டி பார்த்தாக வேண்டும். வழக்கமான பாலியெஸ்டர் பட்டி, பவுடர் வேகும் அடுப்புச் சூட்டில் காற்றுக் குமிழ் விட்டு வெடிக்கும். ஆகவே எபாக்சி பிரைமரின் மேல் டூ-கே அடியுங்கள். குழியில்லாத சுத்தமான இரும்பும், நாள்தோறும் முரட்டுத்தனமாகப் புழங்கும் வண்டியும் என்றால் இரண்டடுக்குப் பவுடரைச் சொல்லியிருப்பேன்.

பழைய சைக்கிள்களின் கறுப்பு எப்படி அத்தனை ஆண்டுகள் நின்றது என்று பலரும் வியப்பதுண்டு. அதுவும் எனாமல்தான், ஆனால் தொழிற்சாலை அடுப்பில் வேகவைத்த எனாமல். அதே பெயரில் டப்பாவில் வாங்கித் திண்ணையில் காயவைப்பது வேறு பொருள் என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: பெயின்டர், வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு அடித்தால் போதும், அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்கும் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். பூச்சு பெயர்ந்த ஃபிரேம்களை நான் பார்த்தவரையில், மேலே அடித்த பெயின்ட் மட்டமாக இருந்ததால் கெட்டவை குறைவு. அடியில் செய்த வேலை பாதியில் நின்றதால் கெட்டவையே அதிகம்.

இயந்திரத்தில் சுழலும் வயர் பிரஷ் துருவை எடுப்பதைவிட அதை இழைத்துப் பளபளப்பாக்குகிறது. குழிக்குள் இருக்கும் துரு அப்படியே தங்க, சுற்றியுள்ள இரும்பு கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும். பிரைமர் பிடித்துக்கொள்ள அங்கே சொரசொரப்பே இருக்காது. மணல் பீய்ச்சுதல் என்று பொதுவாகச் சொல்லப்படும் பிளாஸ்டிங்தான் சரியான முறை. ஆனால் ஃபிரேமின் குழாய் மெல்லியது. தரமான சைக்கிள்களில் குழாயின் நடுப்பகுதிச் சுவர் அரை மில்லிமீட்டருக்குப் பக்கமாகவே இருக்கும். இரும்புப் பாலத்துக்கு வைக்கும் அழுத்தத்தில் முரட்டுத் துகளைப் பீய்ச்சினால் குழாய் நெளிந்துவிடும். நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு அல்லது கண்ணாடி மணிகளைக் குறைந்த அழுத்தத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் பீய்ச்சச் சொல்லுங்கள். உண்மையான மணலைப் பயன்படுத்துவோரிடம் ஃபிரேமைக் கொடுக்காதீர்கள். அந்தத் தூசி வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம். மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், வீட்டில் தேய்ப்பவர்கள் உலர்ந்த தாளால் தேய்க்காமல் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும்.

பெயின்ட் போன வெற்று இரும்பு நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஈரக்காற்றுள்ள நாளில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். வெறுங்கையால் பிடித்த இடத்தில் விரல் ரேகை துருவாகவே பதியும். ஆகவே பிளாஸ்டிங் முடிந்த அன்றே பிரைமர் அடித்தாக வேண்டும், ஃபிரேமைக் கையுறை போட்டே தொட வேண்டும்.

கைவேலையாகச் செய்பவர்கள் முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிவிட்டு அதன் பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும். வரிசை மாறினால் தாள் கீறிய கோடுகளுக்குள் பிசுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும். கழுவியது போதுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான தண்ணீரைக் குழாயின் மேல் மெல்ல ஊற்றுங்கள். எண்ணெய் போயிருந்தால் தண்ணீர் உடையாத படலமாக வழியும். தாமரை இலையில்போல முத்து முத்தாகத் திரண்டால் மறுபடியும் கழுவுங்கள். பார்த்து முடித்த உடனே சூடான காற்றால் ஈரத்தை விரட்டிவிட வேண்டும்.

ரெட் ஆக்சைடு எனாமல் வகையைச் சேர்ந்தது. அதன் மேல் டூ-கே பெயின்ட்டின் கடுமையான தின்னர் பட்டதும் வெந்த பால் ஆடைபோல அது சுருங்கிக்கொள்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் வெற்று உலோகத்தை நன்றாகப் பற்றும். ஆனால் அதன் மேல் எபாக்சியையோ பட்டியையோ போடுவது நல்லதல்ல, மிஞ்சிய அமிலம் அவை இறுகுவதைக் கெடுக்கும். என் வழி இதுதான்: வெற்று உலோகத்தின் மேல் நேரே எபாக்சி, குழி இருந்தால் அதன் மேல் பட்டி, பட்டியைத் தேய்த்து மட்டமாக்கிய பின் மறுபடி ஒரு கை எபாக்சி.

கேள்வி: என்னுடையது அலுமினியம் ஃபிரேம். தண்ணீர் பாட்டில் மாட்டும் போல்ட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளமாக எழுந்து, உடைத்தால் வெள்ளைத் தூள் கொட்டுகிறது. பவுடர் அடுப்பில் வைத்தால் அலுமினியம் பலமிழக்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

பதில்: கொப்புளத்துக்குக் காரணம் பெயின்ட் அல்ல. இரும்புப் போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வியர்வையோ மழைநீரோ சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. எந்தப் பெயின்ட் அடித்தாலும் போல்ட்டைப் பழையபடி வெறுமனே திருகினால் கொப்புளம் திரும்ப வரும். மரையில் கிரீஸும், தலைக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷரும் வைத்துப் பூட்டுங்கள்.

பலம் பற்றிய அச்சத்தில் பாதி உண்மை. ஃபிரேம்களுக்குப் பயன்படும் 6061 என்ற அலுமினியக் கலவையைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரியில் பல மணி நேரம் வைத்தே வலுவேற்றுகிறார்கள். 180 டிகிரியில் இருபது நிமிட வேக்காடு அதைப் பெரிதாகப் பாதிக்காது. 200 டிகிரியைத் தாண்டிய அடுப்பில் மணிக்கணக்காக மறந்து வைத்தால் உலோகம் இளகத் தொடங்கும். பழைய பவுடரை அடுப்பில் கருக்கி எடுக்கும் இடங்களில் அலுமினிய ஃபிரேமைக் கொடுக்கவே கூடாது. குழாய்களைப் பசை வைத்து இணைத்த ஃபிரேம் என்றால் பவுடர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அலுமினியத்தைத் தேய்க்க இரும்பு வயர் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பதிந்துபோன இரும்புத் துகள்கள் பிறகு பெயின்ட்டின் அடியில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். காஸ்டிக் சேர்ந்த பெயின்ட் நீக்கியும் ஆகாது, அது பெயின்ட்டோடு ஃபிரேமையும் தின்னும். நார்ப்பட்டையால் தேய்த்து, துடைத்து, தாமதமின்றி எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். காற்றுப் பட்ட அலுமினியத்தில் ஆக்சைடு படலம் உடனுக்குடன் உருவாகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: கார்பன் ஃபிரேமுக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அடுப்பு, பிளாஸ்டிங், பெயின்ட் நீக்கும் திரவம் மூன்றும் கார்பனுக்கு விலக்கு. இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ரெசினையே அவை கெடுத்துவிடும். கையால் மட்டும், பழைய கிளியரின் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேயுங்கள். தண்ணீரில் வரும் தேய்மானக் குழம்பு பெயின்ட்டின் நிறத்திலிருந்து கறுப்புக்கு மாறினால் இழைவரை போய்விட்டீர்கள் என்று பொருள். கறுப்புப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் இந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பழைய பெயின்ட்டை முழுவதும் எடுக்காமல், அதன் மேலேயே மெல்லிய டூ-கே அடிப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: வீட்டிலேயே ஸ்ப்ரே டப்பாவால் அடித்தேன். மழைக்காலம். காய்ந்ததும் கிளியர் பால்போல வெண்மையாகிவிட்டது. மூன்று மாதத்தில் பிரைமரை விட்டுத் தோல்போல உரிகிறது. டப்பா மட்டமானதா?

பதில்: டப்பாவின் மேல் பழி போடுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது ஃபிரேமின் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனிபோலப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. பால் நிறம் அந்த ஈரம்தான். பூச்சு வேலையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி, உலோகத்தின் வெப்பம் பனிபடும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. மழை விட்ட மாலையில் இந்த இரண்டும் கைகூடுவது அரிது.

தோல்போல உரிவதற்குக் காரணம் அடுக்குகளுக்கு இடையிலான கால இடைவெளி. பிரைமர் முழுக்க இறுகிய பிறகு அடுத்த அடுக்கு அதைக் கரைத்துப் பற்ற முடியாது. அதற்குள் அடிக்க வேண்டும், அல்லது 400 முதல் 600 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின் அடிக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் என்பது டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரைமர் அடித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிறம் அடிப்பவர்களுக்கு நேர்வதெல்லாம் இதுதான். பேஸ் கோட்டின் மேல் கிளியர் அடிப்பதற்கும் இதே கணக்கு உண்டு.

ஸ்ப்ரே டப்பாவிலேயே டூ-கே கிளியர் கிடைக்கிறது. அடியிலுள்ள ஊசியை அழுத்தினால் உள்ளே இருக்கும் சிமிழ் உடைந்து ஹார்டனர் கலக்கும். அதன் பிறகு டப்பாவின் ஆயுள் ஓரிரு நாள்தான். வீட்டு வேலைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான் என்றாலும், ஒரு கடுமையான எச்சரிக்கையோடுதான் சொல்ல முடியும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட்டை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரக்கூடும். உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். மூக்குக்கு வாசனை தெரிவதற்கு முன்பே காற்றில் அளவு மிஞ்சியிருக்கும் என்பதால் மோப்பத்தை நம்பவும் முடியாது. துணி முகமூடி இங்கே வெறும் அலங்காரம். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம் உள்ள பட்டறையில் கிளியரை மட்டும் அடித்து வாங்குவதே நல்லது. தேய்ப்பது, பிரைமர், நிறம் வரையான வேலையை வீட்டில் நீங்களே செய்யலாம். ஆனால் உங்கள் பிரைமரும் நிறமும் என்னென்ன என்பதைப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒத்துப்போகாத அடுக்கின் மேல் கிளியர் பட்டால் எல்லாமே சுருங்கிவிடும்.

கேள்வி: ஃபிரேமில் எந்தெந்த இடத்தில் பெயின்ட் படக் கூடாது?

பதில்: பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் மரை முதலாவது. பரவலாகப் புழங்கும் அளவில் அங்கே ஓர் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். அந்த இடுக்கின் இரு பக்கமும் 80 மைக்ரான் பவுடர் ஏறினால், பேரிங்கைத் தாங்கும் கப் நுழையவே நுழையாது. மரை வெட்டும் டேப்பை விட்டுச் சுரண்டலாம், ஆனால் சுரண்டும்போது வாய் விளிம்பிலுள்ள பூச்சும் சேர்ந்து விரிசல் விடும். பவுடருக்குச் சூடு தாங்கும் சிலிகான் அடைப்பான், திரவப் பெயின்ட்டுக்குப் பழைய கப் ஒன்று போதும். பழைய கப்பைத் திருகும்போது வழக்கத்தில் கிரீஸ் தடவிவிடாதீர்கள். அது கசிந்தால் பெயின்ட் மீன் கண்போல வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

ஹெட் டியூபில் பேரிங் கப் அழுந்தி உட்காரும் வாய், சீட் போஸ்ட் இறங்கும் குழாயின் உட்புறம், டிஸ்க் பிரேக் பொருந்தும் முகங்கள், கியர் மாட்டும் மரை ஆகியவற்றையும் மறைக்க வேண்டும். சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட்டின் இரு முகங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே தடித்த பூச்சு இருந்தால் நட்டை இறுக்கியதும் அது நசுங்கி, சில நாளில் நட்டுத் தளர்ந்துவிடும். அந்த முகங்களில் பிரைமர் மட்டும் இருந்தால் போதும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பெயின்ட்டுக்கு முன் படமெடுத்து வையுங்கள். பவுடர் அதை நிரப்பி மறைத்துவிடும்.

கேள்வி: மோட்டார் பைக்கின் சட்டகத்துக்குப் பவுடர் நல்லதா, டூ-கே நல்லதா?

பதில்: சட்டகத்துக்குப் பவுடர், டாங்கிக்கு டூ-கே. டாங்கியில் பெரும்பாலும் ஒடுக்கு எடுத்துப் பட்டி பார்த்திருப்பார்கள். அது அடுப்புக்கு ஒத்துவராது. சட்டகத்தில் எர்த் வயர் பூட்டும் இடத்தை மறைக்கச் சொல்லுங்கள், பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது.

கேள்வி: டூ-கே அடித்த ஃபிரேமை எத்தனை நாள் கழித்துப் பூட்டலாம்? பெயின்ட் சரியாக இறுகியிருப்பதை எப்படி அறிவது?

பதில்: தொட்டால் ஒட்டாத நிலை அன்றே வந்துவிடும், முழு இறுக்கம் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். பட்டறையில் 60 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துக் கொடுத்தால் காலம் மிகவும் குறையும். கிளாம்ப் இறுக்கும் இடங்களுக்கு நான் இரண்டு வாரம் கொடுப்பேன். ஒருமுறை பொறுமையில்லாமல் நான்காம் நாளே சீட் கிளாம்பை இறுக்கினேன். மறுநாள் பார்த்தால் கிளாம்பின் இரு ஓரத்திலும் நீலப் பெயின்ட் பற்பசைபோலப் பிதுங்கி நின்றது. மூன்று வாரம் செய்த வேலையில் அந்த ஒரு விரல் அகலத்தைத்தான் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தார்கள்.

சோதித்துப் பார்க்க, ஃபிரேமோடு சேர்த்து ஒரு துண்டுக் குழாய்க்கோ தகட்டுக்கோ அதே வேலையைச் செய்து வாங்குங்கள். அதன் மேல் வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டு அழுத்தித் தேயுங்கள். இறுகிய டூ-கேயில் துணியில் நிறம் வராது, பளபளப்பும் போகாது. சரியாக வேகாத பவுடரும் இந்தச் சோதனையில் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுதலைப் பார்க்க, புதிய பிளேடால் உலோகம் வரை இறங்குமாறு 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடும், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற தரச் சோதனை இதுவே. கட்டம் ஒன்றுகூடப் பெயராவிட்டால் மதிப்பு 0, மிக மோசமானதற்கு 5. 0 அல்லது 1 வந்தால் மகிழ்ச்சியோடு பூட்டலாம்.

கேள்வி: எந்த நிறம் வெளுக்காமல் நிற்கும்? மேட் பூச்சு நீடிக்குமா?

பதில்: கறுப்பும் வெள்ளையும் காவி சார்ந்த மண் நிறங்களும் வெயிலுக்கு அசையாதவை. பளீரென்ற ஃப்ளூரசன்ட் நிறங்கள் எல்லாவற்றிலும் முதலில் வெளுக்கும். எந்தக் கிளியரும் அவற்றை நெடுநாள் காப்பாற்றாது. மேட் கிளியர் வலிமையில் குறைந்ததல்ல. ஆனால் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் மின்னும்.

கேள்வி: பெயின்ட் அடித்த பிறகு சில்லு பெயர்ந்தால் என்ன செய்வது? குழாயின் உட்புறத் துருவுக்கு வழி உண்டா?

பதில்: டூ-கே என்றால், பெயர்ந்த இடத்தின் விளிம்பை 600 எண் தாளால் சரிவாகத் தேய்த்து, துருவை ஊசி முனையால் எடுத்துவிட்டு, கலந்த எபாக்சி பிரைமரை ஒரு பல்குச்சியின் நுனியால் உலோகத்தில் மட்டும் வையுங்கள். காய்ந்ததும் நிறத்தை இரண்டு மூன்று முறை மெல்லியதாக வைத்து, கிளியரைச் சற்று மேடாக நிறுத்தி, இறுகிய பின் 1500, 2000 எண் தாள்களால் மட்டமாக்கலாம். பவுடரில் இதே வேலையைச் செய்தால் ஈரம் புகாமல் தடுக்கலாம், ஒட்டு மட்டும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். கேபிள் உரசும் இடங்களில் முன்கூட்டியே நிறமற்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டிவிட்டால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. பலர் வெளியே இவ்வளவு செலவழித்துவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சீட் போஸ்ட் வழியாக இறங்கும் மழைநீர் பாட்டம் பிராக்கெட்டில்தான் தேங்குகிறது. பிளாஸ்டிங் செய்த துகள்களும் அங்கேதான் தங்கும். அவற்றைத் தட்டி, காற்றடித்து முழுவதும் வெளியேற்றாமல் பேரிங்கைப் பூட்டினால் அது விரைவில் அரைபட்டுவிடும். பெயின்ட் முழுக்க இறுகிய பிறகே உட்பூச்சைத் தொடங்க வேண்டும், எண்ணெய் முதலில் போனால் மேலே பெயின்ட் ஒட்டாது. குழாயின் உட்புறத்துக்கென்று விற்கும் மெழுகுத் திரவத்தையோ ஆளிவிதை எண்ணெயையோ ஒவ்வொரு குழாயிலும் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் மெதுவாக உருட்டி, சொட்டுவது நிற்கும் வரை ஓரிரு நாள் தொங்கவிடுங்கள். எண்ணெய் நனைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. பூட்டுவதற்கு முன் பாட்டம் பிராக்கெட்டின் அடியிலுள்ள வடிகால் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெயின்ட்டோ மெழுகோ அதை அடைத்திருக்கும்.